கேபினில் பதினேழு பேர்

டிரைவர்: ...அதைத்தான் கேக்கறேன் மச்சான். தீர்மானத்தை முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

செயலாளர்: ஒரே ஒரு கேள்வின்னு சொல்லிச் சொல்லி இது ஏழாவது. என் தங்கச்சிக்கும் இதே வியாதிதான். கல்யாணத்துக்கு முன்னாடியே உன்னை எச்சரிச்சேன்.

டிரைவர்: நீங்க எச்சரிச்சது அவளைன்னு அவ சொல்றா.

செயலாளர்: ரெண்டு பேரையும்தான். அந்த நாற்காலியை விரிச்சுப் போடு. நாலு மணிக்கு இதே சங்க ஆபீஸ்ல கூட்டம். இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல.

டிரைவர்: போடறேன். நீங்க எழுதினதைப் படிங்க.

செயலாளர்: "சங்கத்தின் ரகசியத்தை முதலாளியிடம் சொன்னதைத் தானே ஒப்புக்கொண்டதால், இன்ஜின்காரர் இன்று முதல் சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார். உறுப்பினர் எவரும் அவருடன் ஒரே படகில் வேலை செய்யக் கூடாது." போதுமா?

டிரைவர்: ரெண்டாவது வரி யாரு சேர்த்தது?

செயலாளர்: எல்லாரும்தான் கேக்கறாங்க. நேத்து பூரா போன். வலைப் படகு ஆளுங்க ஒரு பக்கம், உங்க தூண்டில் படகு ஆளுங்க ஒரு பக்கம். காது சுட்டுப் போச்சு.

டிரைவர்: இந்தத் துறைமுகத்துல எல்லாப் படகுலயும் நம்ம ஆளுங்கதான். அப்ப அவன் எதுல ஏறுவான்? நீந்திப் போய் மீன் பிடிக்கணுமா?

செயலாளர்: காட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

டிரைவர்: காட்டிக் குடுத்தானா?

செயலாளர்: அவனே சொன்னான்டா! நேத்து காலைல, படகுத்துறையில, அத்தனை பேர் முன்னாடி... "நான்தான் மொதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்"னு. நீயும்தானே நின்ன?

டிரைவர்: நின்னேன். எப்ப பண்ணினதா சொன்னான்?

செயலாளர்: செவ்வாக்கிழமை. நாம வலைப் படகு கேபினுக்குள்ள பேசிட்டு இருந்தப்ப, தண்ணி இறைக்கிற பம்ப்பைப் பாக்கறேன்னு கீழ இறங்கினான் இல்ல? அப்ப.

டிரைவர்: சரி. அவன் கீழ இறங்கினப்ப நாம என்ன பேசிட்டு இருந்தோம்?

செயலாளர்: என்னடா இது, கோர்ட்டா?

டிரைவர்: சொல்லுங்களேன்.

செயலாளர்: வெள்ளிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு ஒரு படகும் கயிறு அவிழ்க்கக் கூடாதுன்னு பேசிட்டு இருந்தோம். வலைப் படகும் சரி, விருந்தாளிகளை ஏத்திட்டுப் போய் மீன் பிடிக்க வைக்கிற உங்க தூண்டில் படகும் சரி. எச்சரிக்கைக் கொடி ஏறினா எங்களைக் கடலுக்குத் தள்ளாதே, வேலை செய்றவனுக்கும் லைஃப் ஜாக்கெட் குடு. இந்த ரெண்டுக்காக.

டிரைவர்: விருந்தாளிக்குப் பத்து ஜாக்கெட், ஓட்டுறவனுக்கு ஒண்ணும் கிடையாது. அதை நான்தான் பேசினேன்.

செயலாளர்: நல்லாத்தான் பேசின. கொஞ்சம் நீளம்.

டிரைவர்: மொதலாளிக்கு "தெர்மாகோல்"னு பேர் வச்சது எப்ப?

செயலாளர்: ...அது எதுக்கு இப்ப?

டிரைவர்: நீங்கதான் வச்சீங்க. "யாரு முங்கினாலும் அவரு மட்டும் மிதப்பாரு"ன்னு. பதினேழு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அப்ப இன்ஜின்காரன் கேபின்ல இல்ல. கீழ பம்ப்போட மல்லுக்கட்டிட்டு இருந்தான்.

செயலாளர்: சிரிப்பு கீழ கேட்டிருக்கும்.

டிரைவர்: பம்ப் ஓடற சத்தத்துல? நீங்க பக்கத்துல நின்னு கத்தினாலே அவனுக்குக் கேக்காது. ஆனா மறுநாள் மொதலாளி துறையில வந்து நின்னு என்ன சொன்னாரு? "தெர்மாகோல் வந்திருக்கேன், எல்லாரும் படகுச் சாவியைக் குடுங்க"ன்னாரு.

செயலாளர்: மேல வந்த பிறகு யாராவது அவன்கிட்ட சொல்லியிருப்பாங்க.

டிரைவர்: ஆனா போன் பண்ணினது கீழ இருந்தப்பன்னு சொல்றானே.

செயலாளர்: டேய்... நீ என்ன பண்றன்னு எனக்குப் புரியல. ஒருத்தன் தப்பை ஒத்துக்கிட்டான். வேலை முடிஞ்சுது. நீ ஏன் நோண்டற?

டிரைவர்: ஏன், நோண்டினா என்ன?

செயலாளர்: எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. கேக்க வேணாம்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். நேத்து மத்தியானம் நீ மொதலாளி ஆபீஸ்ல இருந்து வெளிய வந்ததைப் பாத்தவங்க இருக்காங்க.

டிரைவர்: ம்.

செயலாளர்: என்ன ம்?

டிரைவர்: வந்தேன். பாத்தவங்க கண்ணுல கோளாறு இல்ல.

செயலாளர்: எதுக்குப் போன?

டிரைவர்: தூண்டில் கம்பி, சுருள், பெட்டி... எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்த ஆளுங்க கையில குடுக்கணுமாம். பதினாலு கம்பி. ஒவ்வொண்ணையும் துணியால துடைச்சு வச்சேன், கிறுக்கன் மாதிரி.

செயலாளர்: அதுக்கு அரை மணி நேரமா?

டிரைவர்: யாரு சொன்னது, நேரம் பாத்துட்டு இருந்தாரா? அரை மணி நேரம்தான். அவரு பேசிட்டு இருந்தாரு, நான் நின்னேன்.

செயலாளர்: என்ன பேசினாரு?

டிரைவர்: "உங்க செயலாளர் நல்ல மனுஷன், கொஞ்சம் சத்தமா பேசறாரு"ன்னாரு.

செயலாளர்: ...அப்படின்னா?

டிரைவர்: நீங்கதான் சொல்லணும்.

செயலாளர்: ஓகோ. வந்த விஷயம் இதுதானா? பிரிச்சு விடறாரு, உனக்குப் புரியலையா? பத்து வருஷமா இதே வேலை. வலைக்காரன்கிட்ட "தூண்டில்காரன் சொகுசா இருக்கான்"னு சொல்றது, தூண்டில்காரன்கிட்ட "வலைக்காரன் உன்னை மதிக்க மாட்டான்"னு சொல்றது. ரெண்டு பேரையும் ஒரே கேபின்ல உக்கார வைக்க நான் எத்தனை வீட்டு வாசப்படி ஏறினேன் தெரியுமா?

டிரைவர்: தெரியும். என் வீட்டுக்கே நாலு தடவை வந்தீங்க. நாலு தடவையும் சாப்பிட்டுட்டுத்தான் போனீங்க.

செயலாளர்: தங்கச்சி வீட்டுல சாப்பிட உன்கிட்ட மனு குடுக்கணுமா?... விளையாடாதே. இன்னைக்குக் காலைல எத்தனை படகு போச்சு, பாத்தியா?

டிரைவர்: எல்லாமே போச்சு. என் படகை ஓட்டினவன் திருப்பும்போது பின்பக்கத்தைத் துறைச் சுவத்துல தேய்ச்சான். எனக்கு இங்க வலிச்சுது.

செயலாளர்: அதான் சொல்றேன். ஆளுங்க கொதிச்சுப் போயிருக்காங்க. அவங்களுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் தானே வந்து நிக்கிறான். இதை இப்பக் கலைச்சேன்னா ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்பட்டே சங்கம் போயிடும்.

டிரைவர்: இப்ப மட்டும் என்ன? நீங்க என்னைப் பாக்கறீங்க, நான் உங்களைப் பாக்கறேன். நேத்து மீன் பிரிக்கிற கொட்டகையில அவன் பொண்டாட்டி நின்னதைப் பாத்தீங்களா?

செயலாளர்: இல்ல.

டிரைவர்: அவ கூடையைத் தூக்கிக் கடைசியில வச்சுட்டாங்க, தண்ணி வடியற ஓரத்துல. ஒருத்தியும் பேசல. அவ பாட்டுக்குக் குனிஞ்சு மீனைப் பிரிச்சுட்டு இருந்தா. ஆறு மாசம் அவளுக்கு. குனிய முடியல.

செயலாளர்: ...அதெல்லாம் சரியாயிடும். நாலு நாள் கோவம்.

டிரைவர்: நாலு நாள் கோவத்துக்குத்தான் "எவரும்" போட்டு எழுதியிருக்கீங்களா?

செயலாளர்: எழுதுன்னாங்க, எழுதினேன்!

டிரைவர்: கத்தாதீங்க, கீழ கேக்கும். இன்னொண்ணு சொல்லுங்க. தெர்மாகோல் பேச்சுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு?

செயலாளர்: மனுவுல கையெழுத்துப் போட்டோம்.

டிரைவர்: துறைமுக அதிகாரிக்கு அனுப்பற மனு. வட்டமா கையெழுத்து, முதல் ஆள் யாருன்னே தெரியாத மாதிரி. அது மொதலாளிக்குத் தெரியுமா?

செயலாளர்: தெரிஞ்சிருந்தா விட்டிருப்பானா? தபால்ல போய்ச் சேர்ந்துடுச்சு. ஒப்புகைச் சீட்டு வந்திருக்கு.

டிரைவர்: அங்கதான் எனக்கு இடிக்குது. வேலை நிறுத்தம் தெரியும், மணி தெரியும், பட்டப்பேர்கூடத் தெரியும். ஆனா அடுத்த நிமிஷம் நாம பேசின மனு தெரியாது. காட்டிக் குடுக்கறவன் பாதியிலயா நிறுத்துவான்?

செயலாளர்: நாம கையெழுத்துப் போடறப்ப இன்ஜின்காரன் மேல வந்துட்டான். கையெழுத்தும் போட்டான். தன் பேரும் அதுல இருக்கேன்னு சொல்லாம விட்டிருப்பான்.

டிரைவர்: இப்ப சரியா சொன்னீங்க. ரொம்பச் சரியா. யோசிச்சு வச்ச மாதிரி.

செயலாளர்: மாப்ளே... வார்த்தையைப் பாத்துப் பேசு.

ஐஸ் அக்கா: யாரு யார்கிட்ட வார்த்தையைப் பாக்கணும்? படிக்கட்டு வரைக்கும் கேக்குது உங்க ரகசியம்.

டிரைவர்: வாங்கக்கா. எப்ப வந்தீங்க ஊருக்கு?

ஐஸ் அக்கா: மத்தியானம்தான். மக பிரசவம்னு புதன்கிழமை விடியக்காலைல போனவ. பேத்தி பொறந்திருக்கா. மூக்கு மட்டும் மருமகன் மூக்கு, என்ன பண்றது... வந்து ஐஸ் ரூமைத் திறந்தா, ஒரு ஆளு விடாம இன்ஜின்காரனைத் திட்றாங்க. என்னப்பா நடக்குது?

செயலாளர்: நம்ம பேச்சை மொதலாளிக்குச் சொல்லிட்டான்க்கா. நாலு மணிக்குக் கூட்டம். நீங்களும் வாங்க.

ஐஸ் அக்கா: எந்தப் பேச்சை?

செயலாளர்: செவ்வாக்கிழமை சாயங்காலம் வலைப் படகு கேபின்ல—

ஐஸ் அக்கா: ஓ, அது நீங்கதானா!

டிரைவர்: எது அக்கா?

ஐஸ் அக்கா: செவ்வாக்கிழமை சாயங்காலம் வயர்லெஸ்ஸே அடைச்சுக்கிச்சுப்பா. எந்தப் படகு எப்ப வருதுன்னு தெரிஞ்சாத்தானே நான் ஐஸை உடைச்சு வைக்க முடியும்? அதுக்காக ஐஸ் ரூம்ல எப்பவும் ஓட விட்டிருப்பேன். திடீர்னு யாரோ மொத்தமா பேசற சத்தம். நான் கூப்பிட்டுப் பாத்தேன், போகல. ஒருத்தன் மைக்கை அமுக்கிட்டா அந்தச் சேனல்ல வேற யாரும் பேச முடியாதே. வருஷத்துக்கு ரெண்டு தடவை யாராவது இப்படி மைக் மேல உக்காருவான். போன வருஷம் ஒருத்தன் பொண்டாட்டியோட போட்ட சண்டையைத் துறைமுகமே கேட்டுச்சு. அப்படித்தான்னு நினைச்சேன். ஐஸ் மெஷின் போடற நேரம், நான் சத்தத்தைக் குறைச்சுட்டேன். என்ன பேசினீங்கன்னு என் காதுல விழல.

டிரைவர்: மொதலாளி ஆபீஸ்லயும் ஒரு வயர்லெஸ் இருக்குக்கா.

ஐஸ் அக்கா: இல்லாம? மேஜை மேலயே வச்சிருக்காரு. எந்தப் படகு எங்க நிக்குதுன்னு நாள் பூரா கேட்டுக்கிட்டே இருப்பாரு.

டிரைவர்: அப்ப யாரும் போய்ச் சொல்லியிருக்கவே வேணாம்.

ஐஸ் அக்கா: அதைத்தானே நானும் சொல்றேன்! ஆனா இன்ஜின்காரன் ஏன் நான்தான்னு சொன்னான்? பைத்தியமா அவன்?... ஏன்ப்பா, வயர்லெஸ் மைக் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துலதானே தொங்கும்? கொக்கி தேஞ்சு போன படகு வேற. விழுந்தா சீட்டு மேலதான் விழும்.

டிரைவர்: ஆமாக்கா.

ஐஸ் அக்கா: அன்னைக்கு டிரைவர் சீட்டுல யாரு உக்காந்திருந்தீங்க?

செயலாளர்: ...

ஐஸ் அக்கா: கேக்கறேன் இல்ல? பதினேழு பேர்ல ஒருத்தர் உக்காந்திருப்பீங்கதானே?

டிரைவர்: ...நான்தான்க்கா.

ஐஸ் அக்கா: நீயா?

டிரைவர்: ஆமா. பழக்க தோஷம். சீட்டைப் பாத்தா உக்காந்துடுவேன்.

ஐஸ் அக்கா: தினமும் மைக்கைக் கையில பிடிச்சுப் பேசறவன் நீ. அடியில இருந்தா உனக்குத் தெரியாதா?

டிரைவர்: சீட்டு மேல மழைக்கோட்டு கிடந்துச்சு. அதுக்கு அடியில இருந்திருக்கும்.

ஐஸ் அக்கா: ம்... நல்ல ஆளுங்கப்பா நீங்க. சரி, லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நாலு மணிக்கு வரேன். வந்து எல்லாத்தையும் சொல்லுவேன். அந்தப் பொண்ணு கூடையை யாரு ஓரத்துல வச்சாங்களோ, அவங்களையே தூக்கி வைக்கச் சொல்லப் போறேன்.

டிரைவர்: பாத்து இறங்குங்க. மூணாவது படி ஆடும்... இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை மச்சான். அட்டை ஏதாவது இருக்கா?

செயலாளர்: ஏன்டா அப்படிச் சொன்ன?

டிரைவர்: எப்படி?

செயலாளர்: அந்தச் சீட்டுல நீ உக்காரல.

டிரைவர்: பின்ன யாரு?

செயலாளர்: உனக்குத் தெரியும்.

டிரைவர்: நான் மூலையில, வலை மூட்டை மேல உக்காந்திருந்தேன். மறுநாள் வரைக்கும் சட்டையில நாத்தம். சீட்டுல யாருன்னு கவனிக்கல.

செயலாளர்: நான். போதுமா? நான்தான் உக்காந்தேன். செயலாளர்னா எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி உயரத்துல உக்காரணும்னு...

டிரைவர்: மனுவை விரிக்க எழுந்தீங்க. அத்தோட சத்தம் போறது நின்னுடுச்சு. அதனாலதான் மனு தப்பிச்சுது.

செயலாளர்: ஆமா.

டிரைவர்: அது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு? இப்ப அக்கா சொல்லித்தானே?

செயலாளர்: இல்ல.

டிரைவர்: பின்ன?

செயலாளர்: புதன்கிழமையே தெரியும். இன்ஜின்காரன் கீழ இருந்து மேல ஏறி வரப்ப வயர்லெஸ்ல சிவப்பு விளக்கு எரியறதைப் பாத்திருக்கான். நான் எழுந்ததும் அணைஞ்சிருக்கு. அப்ப அவனுக்கு ஒண்ணும் தோணல. மறுநாள் மொதலாளி தெர்மாகோல்னதும் புரிஞ்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம நேரா என்கிட்ட வந்தான்.

டிரைவர்: நல்லவன்.

செயலாளர்: குத்திக் காட்டாதே.

டிரைவர்: குத்திக் காட்டல. நல்லவன்னுதான் சொன்னேன். வந்து... தானாவே பழியை ஏத்துக்கறேன்னு சொன்னானா?

செயலாளர்: ...அப்படித்தான்னு வச்சுக்கோயேன்.

டிரைவர்: வச்சுக்கறதா? கூட்டத்துல அப்படியே சொல்லிடலாமா? "நம்ம செயலாளரைக் காப்பாத்த அவனாவே முன்வந்தான்"னு. கைதட்டுவாங்க. அவனுக்கு ஒரு துண்டு போடுவோம், உங்களுக்கும் ஒண்ணு.

செயலாளர்: வேணாம்டா.

டிரைவர்: இல்லன்னா நான் உக்காந்தேன்னே வச்சுக்கலாம். அக்காகிட்ட சொல்லியாச்சு. முதல்ல அவன், இப்ப நான். நாளைக்குத் தேவைப்பட்டா இன்னொருத்தன். சங்கத்துல நூறு பேர் இருக்கோமே, உங்களுக்கு ரொம்ப நாள் வரும்.

செயலாளர்: நிறுத்து!

டிரைவர்: நிறுத்திட்டேன்.

செயலாளர்: நான்தான் கேட்டேன்.

டிரைவர்: என்ன கேட்டீங்க?

செயலாளர்: அவன் கையைப் பிடிச்சுக் கேட்டேன். "நீ சொன்னதா ஒத்துக்கோடா, ரெண்டு நாள் திட்டுவாங்க, நான் சமாளிச்சுடறேன்"னு. எனக்கு வேற ஒண்ணும் தோணல. வாயைக் கட்டுங்க, வாயைக் கட்டுங்கன்னு ஊர் பூரா சொல்லிட்டு, நானே ஒலிபெருக்கி மேல உக்காந்து பேசியிருக்கேன். வலைக்காரன் சிரிப்பான், தூண்டில்காரன் போயிடுவான். வெக்கமா இருந்துச்சு. பயமா இருந்துச்சு. சங்கத்துக்காகன்னு அவன்கிட்ட சொன்னேன். எனக்காகத்தான்.

டிரைவர்: வட்டமா கையெழுத்துப் போடறப்ப, "இதுல முதல் ஆளே கிடையாது"ன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் நீங்க இல்லன்னா சங்கம் இல்லன்னு எப்படி வந்துச்சு?

செயலாளர்: வந்துச்சு... எப்படியோ வந்துச்சு. இப்படி ஆகும்னு நான் நினைக்கல. படகுல ஏத்தக் கூடாதுன்னு கேப்பாங்கன்னு, அந்தப் பொண்ணு கூடையை... நேத்து அவன் என்னைக் கடந்து போனான். ஒரு வார்த்தை கேக்கல. தலையை மட்டும் ஆட்டிட்டுப் போனான். அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

டிரைவர்: தீர்மானத்தை மட்டும் எழுதினீங்க.

செயலாளர்: எழுதினேன். ரெண்டாவது வரியோட எழுதினேன். கொண்டா அதை... கிழிச்சுடறேன். இப்பவே அவன் வீட்டுக்குப் போறேன். அப்புறம் கூட்டத்துல நானே சொல்றேன். சீட்டுல உக்காந்தது நான், அவனைப் பொய் சொல்ல வச்சதும் நான். என்னை நீக்கினா நீக்கட்டும்.

டிரைவர்: எல்லாத்தையும் சொல்லுவீங்களா?

செயலாளர்: எல்லாத்தையும். ஏன்டா அப்படிப் பாக்கற? இன்னுமா நம்பல?... ஆமா, நான் ஒண்ணு கேக்கறேன். அக்கா மத்தியானம்தான் வந்தாங்க. நீ அவங்க வர்றதுக்கு முன்னாடியே பம்ப்பு, தெர்மாகோலு, மனுன்னு வரிசையா கேட்டுட்டு இருந்த. உனக்கு எப்ப தெரியும்?

டிரைவர்: புதன்கிழமை சாயங்காலம். உங்களுக்குச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அவன் நேரா என் வீட்டுக்குத்தான் மச்சான் வந்தான். திண்டாடிட்டு நின்னான். "ஒத்துக்கவா, வேணாமா, நீங்க சொல்லுங்க"ன்னான். சங்கம் உடையக் கூடாதேன்னு நான்தான் ஒத்துக்கடான்னு சொன்னேன்... போகும்போது என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான், செயலாளர் தானா வாயைத் திறக்கற வரைக்கும் நீங்க திறக்கக் கூடாதுன்னு. செருப்பை மாட்டுங்க. அவன் வீட்டு வாசல்ல நீங்க மட்டும் போய் நின்னா பத்தாது.